சிறு மகிழ்ச்சிகளின் கணக்கு: தொட்டிச் செடியும் தேநீர்க் கடைப் பெஞ்சும்

மனித மகிழ்ச்சியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் செல்வம், பதவி, திருமணம், மக்கட்பேறு, வெற்றி எனப் பெரியவற்றையே எடைபோட்டு வந்திருக்கிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் மிகப் பெரும்பகுதி இவை எதுவும் நிகழாமலேயே கழிகிறது என்பதும், அந்த நேரத்தை நிரப்புபவை காலைக் காப்பி, சன்னலோரத் தொட்டியில் விரியும் தளிர், தெருமுனைக் கடையில் முன்பின் அறியாதவருடன் மழையைப் பற்றிப் பேசும் இரண்டு நிமிடம் போன்றவையே என்பதும் ஏறத்தாழக் கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான் முறையான ஆய்வுக்குரிய செய்திகளாயின. பெருஞ்செலவோ முன்னேற்பாடோ இன்றி அடிக்கடி நிகழக்கூடியதும், வாழ்க்கையின் போக்கை மாற்றாததும், முடிந்தபின் பிறரிடம் சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதையும் விட்டுச்செல்லாததுமான இன்பமே இங்குச் சிறு மகிழ்ச்சி எனப்படுகிறது. இத்தகைய இன்பங்கள் வாழ்க்கையின் நலத்தை உண்மையிலேயே தாங்குகின்றனவா, அவற்றின் இனிமை பொருளிலிருந்து வருகிறதா நுகர்பவரிடமிருந்து வருகிறதா, எல்லோருக்கும் அவை கிடைக்கின்றனவா என்னும் மூன்று கேள்விகளில் முதலிரண்டின் மீதே ஆய்வாளர்கள் அதிகம் உழைத்திருக்கிறார்கள். மூன்றாவதைப் புறக்கணித்தால் முதலிரண்டுக்கும் கிடைத்த விடைகள் அரைகுறையாகவே நிற்கும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பழைய சிந்தனை மரபுகளில் இக்கேள்விக்கு இடமே இல்லாமல் போகவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் களங்களைச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காக வகுக்கும்போது, செல்வத்துக்கு இணையாக விளையாட்டையும் வைக்கிறது. ஏதென்சு நகரின் விளிம்பில் ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கி அங்கேயே தம் பள்ளியை நடத்திய எபிக்யூரஸ் (கி.மு. 341–270), பசித்தவனுக்கு ரொட்டியும் நீருமே உயர்ந்த இன்பம் தரும் என்று கருதியவர், அவர் பெயரால் பிற்காலத்தில் சுகபோகம் குறிக்கப்பட்டது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. 1789இல் ஜெரமி பெந்தாம் இன்பத்தை அளக்க முயன்றபோது தீவிரம், நீடிப்பு, உறுதிப்பாடு, அண்மை முதலிய ஏழு அளவுகளைத் தந்தார். ஒரு கோப்பைத் தேநீர் தீவிரத்திலும் நீடிப்பிலும் தோற்றாலும் உறுதிப்பாட்டிலும் அண்மையிலும் பெரும்பாலான பேரின்பங்களை வென்றுவிடும் என்பதை அவருடைய கணக்கைக் கொண்டே காட்டலாம். ஆயினும் அந்த வழியில் யாரும் அதிக தூரம் செல்லவில்லை.

திருப்பம் 1970களில் நேர்ந்தது. நல்லதோ கெட்டதோ, எந்த மாற்றத்துக்கும் மனிதர் விரைவில் பழகிப்போய்ப் பழைய மனநிலைக்கே திரும்புகிறார் என்னும் கருத்தை 1971இல் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்ப்பெலும் முன்வைத்தனர். உளவியலில் இது இன்பப் பழக்கம் என்று அறியப்படுகிறது. 1978இல் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் இல்லினாய் மாநிலப் பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், சாதாரணமானவர்கள் 22 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, வென்றவர்கள் சாதாரணமானவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்ற செய்திக்காகவே இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த ஆய்வின் கூர்மையான முடிவு வேறு. நண்பருடன் பேசுவது, காலை உணவு உண்பது, நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் செயல்கள் எவ்வளவு இனிமையாக உள்ளன என்று கேட்டபோது, பரிசு வென்றவர்கள் சராசரியாக 3.33 புள்ளியும் சாதாரணமானவர்கள் 3.82 புள்ளியும் இட்டனர். ஒரு பெரிய இன்பத்தின் உச்சியிலிருந்து பார்க்கும்போது சிறியவை மேலும் சிறுத்துவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கூறினர்.

இம்முடிவை வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. ஆய்வுக்குட்பட்டவர்கள் மிகச் சிலர். பரிசுக்கு முன்னர் அவர்கள் எவ்வாறு இருந்தனர் என்பதும் தெரியாது. ஸ்வீடனில் பரிசுச்சீட்டில் வென்ற ஆயிரக்கணக்கானோரைப் பற்றி 2020இல் வெளியான விரிவான ஆய்வு, பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கை நிறைவு பத்தாண்டுகளுக்கு மேலாகியும் உயர்ந்தே இருந்ததைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வில், மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் பணத்தின் விளைவு குறைவாகவே இருந்தது. வாழ்க்கையை மொத்தமாக எண்ணிப் பார்த்து அளிக்கும் மதிப்பெண்ணும், செவ்வாய்க்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக்கு மனம் இருக்கும் நிலையும் வெவ்வேறு பொருள்கள் என்பதை இது உணர்த்துகிறது; சிறு மகிழ்ச்சிகள் ஆட்சி செய்வது இரண்டாவதில்தான். எட் டீனரும் உடனாய்வாளர்களும் 1991இல் எழுதிய கட்டுரை, ஒருவர் மகிழ்ச்சியானவரா என்பதைத் தீர்மானிப்பது இன்ப உணர்வின் தீவிரமன்று, அது எத்தனை முறை வந்துபோகிறது என்பதே என்று வாதிட்டது. உச்ச இன்பங்கள் அரிதானவை என்பதோடு, அவற்றுக்குப் பெரும்பாலும் முன்போ பின்போ துன்பத்தையும் விலையாகத் தரவேண்டியிருக்கிறது.

இத்துறையில் ஊக்கமூட்டும் முடிவுகள் மட்டுமே பொதுமக்கள் நூல்களில் இடம்பெறுவதால், எதிரான சான்று ஒன்றையும் இங்குச் சொல்லவேண்டும். ஆலன் கானர், ரிச்சர்ட் லாசரஸ் முதலியோர் 1981இல் அன்றாடத் தொல்லைகளுக்கு 117 இனங்களும் அன்றாட உற்சாகங்களுக்கு 135 இனங்களும் கொண்ட பட்டியல்களை நடுவயதினர் 100 பேரிடம் மாதந்தோறும் நிரப்பச் செய்தனர். உளநலக் குறைகளை முன்னறிவிப்பதில், மரணம், மணமுறிவு போன்ற பெருநிகழ்வுகளைவிடச் சிறு தொல்லைகளே திறன் மிக்கவையாக இருந்தன. சிறு உற்சாகங்களுக்கு அத்தகைய ஆற்றல் காணப்படவில்லை. பெண்களிடம் அவை நோய்க்குறிகளோடு சேர்ந்தே உயர்ந்தன. தொல்லை தானாக வந்து கதவைத் தட்டும். இன்பத்தைக் கவனித்தால்தான் அது இன்பமாகும் என்பது இதற்குத் தரக்கூடிய விளக்கங்களுள் ஒன்று.

கவனித்தல் என்ற இந்தச் செயலை ஃபிரெட் பிரையண்டும் ஜோசப் வெரோஃபும் 2007இல் வெளிவந்த தம் நூலில் சுவைத்தல் என்ற கலைச்சொல்லால் குறித்தனர். நிகழும் இன்பத்தை உணர்ந்து நீட்டித்தல், வரவிருப்பதை எண்ணி மகிழ்தல், கடந்ததை நினைந்து மகிழ்தல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். 2010இல் ஜோர்டி குவாபாக்கும் எலிசபெத் டன்னும் பிறரும் மேற்கொண்ட சோதனையில், பணத்தின் படத்தைப் பார்த்தபின் சாக்லேட் உண்டவர்கள், படம் பார்க்காதவர்களைவிட அதை விரைவாகத் தின்று முடித்தனர். அவர்கள் முகத்தில் தெரிந்த இன்பமும் குறைவு. முன்னிருவரும் 2013இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில் ஒரு வாரம் சாக்லேட்டைத் தவிர்த்தவர்கள், விருப்பம்போல் உண்டவர்களைவிட அடுத்த துண்டை அதிகம் சுவைத்தனர். விரதமிருந்து உண்ணும் சமூகங்களுக்கு இது புதிய செய்தியன்று. எனினும், விரதத்தின் பயன் மறுப்பில் மட்டுமில்லை, மறுநாள் காலை இட்டலியிலும் இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடம் ஒப்புக்கொண்டது நல்லதே. வயதுக்கும் இதில் பங்குண்டு. அமித் பட்டாச்சார்ஜியும் காசி மோகில்னரும் 2014இல் காட்டியபடி, இளைஞர்கள் அரிய அனுபவங்களிலிருந்து அதிக மகிழ்ச்சி பெறுகின்றனர். எஞ்சிய காலம் குறைவென உணரத் தொடங்கும்போது சாதாரண அனுபவங்களும் அவற்றுக்கு இணையான மகிழ்ச்சியைத் தருகின்றன.

பொருளா நுகர்பவரா என்ற கேள்விக்கு வீட்டுச் செடி தெளிவான ஓர் உரைகல். வீட்டுக்குள் செடி வளர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியதற்குக் காரணமானவர்களுள் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட் முக்கியமானவர். நகரின் நிலக்கரிப் புகையில் தம் பெரணிச் செடிகளைக் காப்பாற்ற முடியாமல் தவித்த அவர், 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்திருந்தபோது, அந்த மண்ணில் பெரணி ஒன்று தானே முளைத்து வளர்வதைக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, குளிர்ந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்பியதால் செடிக்கு வெளிநீரும் தேவைப்படவில்லை, வெளிப்புகையும் எட்டவில்லை. வார்டியன் பெட்டி என்று பெயர் பெற்ற இக்கண்ணாடிப் பேழை விக்டோரியா காலத்து வரவேற்பறைகளுக்கு அழகுப் பொருளானது. கடல் கடந்து செடிகளை உயிரோடு கொண்டுசெல்லும் கருவியும் ஆனது. ராபர்ட் ஃபார்ச்சூன் 1840களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைச் செடிகளை இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்கு அனுப்பியது இத்தகைய பெட்டிகளில்தான். ஒரு மருத்துவரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு பேரரசின் வணிகத்துக்குப் பயன்பட்டதும், அவ்வணிகத்தின் விளைவாகவே பின்னாளில் தேநீர் இந்தியத் தெருக்களின் இன்பமானதும் சிறியவற்றின் வரலாறு எப்போதும் சிறியதாக இருப்பதில்லை என்பதற்குச் சான்று.

இன்று செடி விற்பவர்கள் சொல்லும் முதல் காரணம் காற்றுத் தூய்மை. இதன் வேர், நாசா விண்வெளி நிறுவனத்துக்காக பி. சி. வுல்வர்டன் நடத்தி 1989இல் அறிக்கையாக வெளிவந்த ஆய்வில் இருக்கிறது. மூடிய சிறு கூண்டுகளில் வைக்கப்பட்ட செடிகள் பென்சீன் போன்ற நச்சு ஆவிகளைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் வீடு மூடிய கூண்டன்று. இத்தகைய சோதனைகள் பலவற்றைத் தொகுத்து மறுகணக்கிட்ட பிரையன் கம்மிங்ஸும் மைக்கேல் வாரிங்கும், சாதாரணக் கட்டடத்தில் காற்று தானாக உள்ளும் புறமும் சென்றுவருவதால் கிடைக்கும் தூய்மையைச் செடிகளால் எட்டவேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று 2019இல் காட்டினர். மணி பிளாண்ட்டும் மருள் இனச் செடிகளும் சன்னலைத் திறந்துவைப்பதற்கு மாற்றாகா.

அப்படியானால் செடி தரும் நன்மைதான் யாது? பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்த ரோஜர் உல்ரிக், சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்க்கக்கூடிய அறையில் இருந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்திருந்த 23 பேரைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பியதையும், வலுவான வலிநீக்கிகளைக் குறைவாகக் கேட்டதையும் 1984இல் வெளியிட்டார். அது பார்ப்பதால் வரும் பயன். வளர்ப்பதால் வரும் பயனைக் குறித்துப் பேசியது எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட் முதியோர் இல்லம் ஒன்றில் நடத்தி 1976இல் வெளியிட்ட சோதனை. ஒரு தளத்தில் இருந்த முதியவர்களிடம், தம் அறை ஒழுங்கையும் நேரத்தையும் அவர்களே தீர்மானிக்கலாம் என்று கூறி, விருப்பப்படி ஒரு செடியைத் தேர்ந்து தாமே பேணும்படி தந்தனர். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி தரப்பட்டது. ஆனால் நீரூற்றுவது செவிலியர் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. முதல் தளத்தினர் சில வாரங்களிலேயே அதிகச் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் காட்டினர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் முதல் தளத்தில் 15 விழுக்காட்டினரும் இரண்டாம் தளத்தில் 30 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர் என்ற செய்தியே இந்த ஆய்வுக்குப் புகழைத் தேடித்தந்தது. அதைச் சொல்பவர்கள், புள்ளியியல் கணக்கில் நேர்ந்த பிழையை ஆய்வாளர்களே 1978இல் திருத்தி வெளியிட்டதையும், திருத்தியபின் இறப்பு வேறுபாடு உறுதியான முடிவாக நிற்கவில்லை என்பதையும் பெரும்பாலும் சொல்வதில்லை. செடியின் விளைவையும் தெரிவுரிமையின் விளைவையும் இச்சோதனையால் பிரித்தறியவும் இயலாது. இருப்பினும் அதன் அமைப்பு ஒன்றைத் தெளிவாக்குகிறது: இரு தளங்களிலும் செடி ஒன்றே, வேறுபட்டவற்றுள் ஒன்று அதற்கு யார் நீரூற்றுகிறார் என்பது. மொட்டைமாடியில் பைகளில் கத்தரியும் வெண்டையும் வளர்ப்பவர்கள், சந்தையில் கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடைப்பதற்கு இத்தனை பாடுபடுவதேன் என்ற கேள்விக்கு விடை சொல்லத் திணறுவதும் இதனால்தான். கேள்வி காயைப் பற்றியது, அவர்கள் செய்வது காத்திருப்பதும் காப்பாற்றுவதும்.

அந்நியருடனான உரையாடலுக்கு வரும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. செடி எவரையும் மறுப்பதில்லை, மனிதர் மறுக்கக்கூடும். இந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ புறநகர் ரயில் பயணிகளைக் கொண்டு ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். பக்கத்து இருக்கைக்காரருடன் பேசுவது பயணத்தைக் கெடுக்கும், தனிமையே இனிமை என்று பயணிகள் முன்கூட்டியே மதிப்பிட்டனர். ஆனால் பேசும்படி பணிக்கப்பட்டவர்களே மிக இனிமையான பயணத்தைப் பெற்றனர். மற்றவர் பேச விரும்பமாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால் பெட்டி முழுவதும் மௌனம் நிலவுகிறது. அந்த மௌனமே மற்றவர் விரும்பவில்லை என்பதற்குச் சான்றாகவும் தோன்றுகிறது. அதே ஆண்டு கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் வெளியிட்ட சோதனையில், நெரிசலான காப்பிக் கடையில் கடைக்காரரின் கண்ணைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், வேலையை மட்டும் விரைவாக முடித்துக்கொண்டு சென்றவர்களைவிட நல்ல மனநிலையோடும், தாமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வோடும் வெளியேறினர். 2018இல் எரிக்கா பூத்பியும் பிறரும், உரையாடலுக்குப் பின் தம்மை மற்றவர் எவ்வளவு விரும்பினார் என்பதை மனிதர் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுவதைக் கண்டறிந்தனர். இம்முடிவுகள் வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெறப்பட்டவை என்பதையும், ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் ஊர், வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை வரை விசாரித்துவிடும் தமிழ்நாட்டு ரயில் பெட்டியில் இதே சோதனை வேறு விடை தரக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது.

சமூகவியலாளர்கள் அந்நியருடனான இத்தொடர்பை மனநிலைக்கு அப்பால் பார்த்தனர். இன்று வந்து நாளை தங்கிவிடும் அந்நியரிடம் நெருங்கியவரிடமும் சொல்லாத செய்திகள் சொல்லப்படுவதை கேயார்க் சிம்மல் 1908இலேயே கவனித்தார். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாக அறிந்தவர்களே வேலைவாய்ப்பு போன்ற புதிய தகவல்களைக் கொண்டுவருகின்றனர் என்பதை மார்க் கிரனோவெட்டர் 1973இல் விளக்கினார்; அவருடைய நலிந்த உறவுகள் என்ற கருத்து, பால்காரர், பூக்காரர், பேருந்து நிறுத்தத்தில் தினமும் காணும் முகம் ஆகிய எல்லோரையும் ஒரு வலையின் கண்ணிகளாகக் காண உதவியது. வீடும் பணியிடமும் அல்லாத மூன்றாம் இடம் என்று ரே ஓல்டன்பர்க் 1989இல் பெயரிட்டது, இத்தகையோர் எவருடைய அழைப்பும் இன்றிக் கூடக்கூடிய காப்பிக் கடை, முடிதிருத்தகம் போன்றவற்றை. அத்தகைய இடங்களை அதிகாரம் எப்போதும் இன்பத்துக்குரியவையாக மட்டும் கண்டதில்லை. 1652இல் முதல் காப்பிக் கடையைக் கண்ட லண்டனில், அங்கே அரசைப் பற்றிய பேச்சு பெருகுவதாகக் கூறி இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் அவற்றை மூட ஆணையிட்டார்; எதிர்ப்பு மிகவே சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற நேர்ந்தது.

தமிழ்நாட்டில் இவ்விடத்தை நிரப்புவது தேநீர்க் கடைப் பெஞ்சு. செய்தித்தாளைத் தனித்தனித் தாளாகப் பிரித்து நால்வர் படிப்பதும், ஒருவர் உரக்கப் படிக்கப் பிறர் கேட்பதும், திராவிட இயக்க ஏடுகள் அங்கேயும் முடிதிருத்தகங்களிலும் வாசகர்களைப் பெற்றதும் அரசியல் வரலாற்றின் பகுதிகள். ஆனால் இந்தப் பெஞ்சு எல்லோருக்கும் போடப்பட்டதன்று. காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், அடையாளமாக உருவான கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். உணவகப் பெயர்ப்பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி 1957இல் பெரியார் சென்னையில் மறியல் நடத்தவேண்டியிருந்தது. ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்து, பெஞ்சில் அமரவிடாமல் வெளியே நிறுத்தித் தேநீர் ஊற்றும் இரட்டைக் குவளை முறை, அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம், 17ஆம் பிரிவுகளுக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் பின்னரும் பல ஊர்களில் தொடர்ந்தது. அந்நியரோடு பேசுவது அஞ்சியதைவிட இனிமையானது என்ற சிகாகோ முடிவு, மறுக்கப்படுவோம் என்ற அச்சம் வெறும் தவறான மதிப்பீடு என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அந்த அச்சம் சரியான மதிப்பீடாக இருந்த இடங்களில் இவ்வாய்வுக்குச் சொல்ல ஏதுமில்லை.

பெண்களின் நிலையும் அத்தகையதே. மும்பையை ஆராய்ந்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் எழுதிய நூல், பெண்கள் பொதுவெளியில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்டவேண்டியிருக்கிறது என்றும், காரணமின்றிச் சுற்றித்திரிவதும் ஓர் உரிமையே என்றும் வாதிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் மாலை ஆறு மணிக்குத் தேநீர்க் கடைப் பெஞ்சில் தனியே அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் பெண் இன்னும் பார்வைகளை ஈர்ப்பார். குளிரூட்டப்பட்ட காப்பிக் கடைகள் நகரப் பெண்களுக்கு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஒரு கோப்பைக்கு 200 ரூபாய் அளவில் தரக்கூடியவர்களுக்கு மட்டும். அவ்விலையில் அது சிறு மகிழ்ச்சி என்ற வரையறைக்குள் வருமா என்பதும் ஐயமே.

சிறியவற்றில் மகிழுங்கள் என்ற அறிவுரை இந்த இடத்தில்தான் இடறுகிறது. அது தனிமனிதரின் மனப்பயிற்சியாக மட்டும் சொல்லப்படும்போது, குறைந்த கூலிக்கும் நீண்ட வேலைநேரத்துக்கும் ஆறுதல் பரிசாகிவிடுகிறது. சுவைப்பதற்கு நேரம் வேண்டும். செடிக்குச் சன்னலும் வெயிலும் வேண்டும். உரையாடலுக்கு அமர்ந்திருக்க அனுமதிக்கும் ஓர் இடம் வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்யலாம் என்பதற்கு நெதர்லாந்தின் யும்போ பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒரு முன்மாதிரி. முதியோரின் தனிமையைக் குறைக்கும் அரசுத் திட்டத்தை ஒட்டி, அவசரமில்லாதவர்கள் பணம் செலுத்தியபடியே காசாளரோடு பேசிக்கொண்டிருக்கக்கூடிய தனி வரிசையை அது 2019இல் ஃப்ளைமென் என்ற ஊரில் தொடங்கி, பின்னர் 200 கிளைகளுக்கு விரிவுபடுத்த முடிவு செய்தது. வேகத்தையே விற்கும் தொழிலில் மெதுவான வரிசைக்கும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கப்பட்டது இதன் சிறப்பு.

இத்தகைய ஏற்பாடுகளைத் தொடங்குவோர் அறியவேண்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1976இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கல்லூரி மாணவர்கள் வந்து பார்த்துப் பேச ஏற்பாடு செய்தார். எப்போது வருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்களும் தாமே தீர்மானித்தவர்களும் தெளிவான நலம் பெற்றனர். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் ஷுல்ஸும் பார்பரா ஹனூசாவும் திரும்பிச் சென்று பார்த்தபோது, அந்த நலம் எஞ்சியிருக்கவில்லை. அதிகம் பயன் பெற்றவர்களே அதிகம் சரிந்திருந்தனர்.